ரோஸ்கோ குடியிருந்த வீடு

ரோஸ்கோ என்று ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. ஆனால் டெட்ராய்ட் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவர், பகலெல்லாம் தூங்குவார், கதவைத் தட்டினால் பிடிக்காது. கொஞ்சம் முன்கோபி. ஒரு நாய் வளர்க்கிறார், அது அவரைவிட முன்கோபி. அந்த நாயையும் யாரும் பார்த்ததில்லை.

ரோஸ்கோவைப் பெற்றுப் பெயர் வைத்தவள் அர்லீதா பாய்க்கின். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, பனியில் பேருந்தை நேராகக் கொண்டுபோய்ப் பழகியவளுக்கு எளிதில் பதற்றம் வராது. கணவன் வில்லி இறந்து, மகள் கல்யாணமாகி அட்லாண்டாவுக்குப் போன பிறகும் அவள் வீட்டை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போனில், "அங்க இன்னும் என்னம்மா இருக்கு?" என்று கேட்பாள். "நான் இருக்கேன்ல" என்பாள் அர்லீதா. பேச்சு அதோடு சமையலுக்குத் திரும்பிவிடும்.

அவளுக்கு இருந்த ஒரே பயம் பக்கத்து வீடு.

அங்கே இருந்த காடிஸ் குடும்பம் நல்ல குடும்பம். வேலை போய், வீடும் வங்கியின் கைக்குப் போய், ஒரு நாள் காலையில் மெத்தையைக் கார்மேல் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிறகு வங்கிக்கும் அந்த வீடு வேண்டாததாகிவிட்டது. முதல் குளிர்காலத்தில் திருடர்கள் புகுந்து தாமிரக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் பின்பக்கச் சமையலறை கூரையோடு உட்கார்ந்துவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் வீடு. பின்னாலிருந்து பார்த்தால் திறந்த வாய்.

தெருவில் காலி வீடு இருப்பது பெரிய விஷயமில்லை. ஆள் இருக்கிற வீடுகளை எண்ணுவதுதான் சுலபம். ஆனால் இந்த வீடு அர்லீதாவின் வீட்டுக்கு அவ்வளவு நெருக்கம். சன்னல் வழியாகவே உப்பு கைமாற்றிக்கொள்ளலாம். இரண்டும் மர வீடுகள். அது பற்றினால் இதுவும் பற்றும். அந்த ஊரில் காலி வீடு பற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. அதிலும் அக்டோபர் முடிவில் பிசாசு ராத்திரி வருகிறதே, அன்றைக்கு எதையாவது கொளுத்தினால்தான் தூக்கம் வரும் என்று அலைகிறவர்கள் உண்டு. முன்னைப்போல இப்போது அவ்வளவு தீ இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் ஒரே ஒரு வீடு எரிந்தாலும் அது நம் பக்கத்து வீடாக இருந்தால், முன்னைப்போலத்தான்.

அதனால்தான் அர்லீதா அந்த வீட்டுக்கு ஆள் வைத்தாள்.

ஆள் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். காலி வீட்டில் யாரோ குடியிருப்பதுபோல அக்கம்பக்கத்தார் சேர்ந்து காட்டுவது. புல் வெட்டுவார்கள். குப்பை வண்டி வருகிற நாளில் தங்கள் குப்பையில் பாதியை அந்த வீட்டுத் தொட்டியில் போட்டு வாசலுக்குத் தள்ளி வைப்பார்கள். பனி பெய்தால் வாசல்வரை நடந்து தடம் பதிப்பார்கள். புதிதாக ஆள் வைக்கிறவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள்: உள்ளே போகிற தடத்தை மட்டும் பதித்துவிட்டுப் பின்பக்கமாக வந்துவிடுவார்கள். "உள்ள போனவன் வெளிய வரலன்னா செத்துட்டான்னு அர்த்தம். செத்தவன் வீட்ல திருடுறது இன்னும் சுலபம்" என்பார் எதிர்வீட்டு ரூஃபஸ்.

ரூஃபஸ் டாக்கின்ஸ் கார் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். தேவாலயத்தில் டீக்கன், போதகருக்கு அடுத்த இடம். பொய் சொல்வது பாவம் என்று அங்கே எழுந்து நின்று பேசுகிறவர். ரோஸ்கோ விஷயத்தில் மட்டும் அது பொய்யில்லை, காவல் என்பது அவர் கட்சி. தன் பழைய தொழிற்சாலை பூட்ஸை ரோஸ்கோவின் வராந்தாவில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். அர்லீதா தன் பங்குக்கு முன் சன்னலில் சேவல் படம் போட்ட மஞ்சள் திரை மாட்டினாள். தன் சமையலறையிலிருந்து கம்பி இழுத்து, சாயங்காலம் தானாக எரிந்து தானாக அணைகிற ஒரு விளக்கை உள்ளே வைத்தாள். தெருவுக்கே ஒரு விதி உண்டு. வேற்றாள் யார் வந்து அந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: ரோஸ்கோ இருக்கார், தூங்குறார்.

பொய்யை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி. தினமும் சோறு போட வேண்டும். அர்லீதாவுக்கு அலுத்துவிட்டது. அந்த வீட்டை நகராட்சி இடித்துத் தள்ளிவிட்டால் போதும் என்று வருஷக்கணக்காக அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். இடிக்க வேண்டிய வீடுகள் ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்ததால் அவள் முறை வருவதாக இல்லை.

அந்தக் கோடையில் படம் எடுக்கிறவர்கள் கூட்டம் அதிகமாக வந்தது. இடிந்த ரயில் நிலையம், கூரை போன தியேட்டர், மரம் முளைத்த தொழிற்சாலை எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு அவர்கள் தெருக்களுக்குள் வர ஆரம்பித்திருந்தார்கள். வாடகைக் காரை ஊர்வலம்போல ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் அர்லீதா கீரை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஒருவன் முக்காலி நட்டுக் கேமராவைப் பொருத்துவது தெரிந்தது. ரோஸ்கோ வீட்டைத்தான் எடுக்கிறான் என்று நினைத்து, குழாயைக்கூட மூடாமல் ஓடினாள். கையில் கீரையோடு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் புரிந்தது, கேமரா பார்த்துக்கொண்டிருந்தது அவள் வீட்டை.

"என்ன தம்பி எடுக்கிற?"

அவன் துள்ளி விழுந்தான். "மன்னிச்சுக்கங்க. இங்க யாரும் இல்லன்னு நினைச்சேன்."

"யாரும் இல்லியா? அப்ப கீரையோட நிக்கிறது யாரு, பேயா?"

எதிர் வராந்தாவில் ரூஃபஸ் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "சுவருக்குப் பெயின்ட் அடின்னு போன வருஷமே சொன்னேன்ல அர்லீதா. இப்ப பாரு, உன் வீடு மியூசியத்துக்குப் போகுது."

"நீ வாயை மூடு டீக்கன். உன் வீட்டைப் பார்த்தா கேமரா உடைஞ்சிடும்னுதான் அவன் இந்தப் பக்கம் திரும்பியிருக்கான்."

அந்த இளைஞன் முகம் சிவக்க நின்றான். "பக்கத்து வீட்ல ஆள் இருக்கிறது பார்த்ததுமே தெரிஞ்சுது. திரையெல்லாம் இருக்கு, பூட்ஸ் இருக்கு. அதான் அதை விட்டுட்டு..."

அர்லீதாவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கடைசியில் சிரித்தாள். அவனை உள்ளே கூப்பிட்டுச் சோளரொட்டியும் கீரையும் போட்டாள். பெயர் யோரிஸ், ஊர் பெல்ஜியம். "அர்லீதா" என்று அவன் சாதாரணமாகக் கூப்பிட்டதும் ரூஃபஸ் அவன் தோளைத் தட்டினார். "பெல்ஜியம், இங்க பெரியவங்களை மொட்டையாக் கூப்பிடக் கூடாது. மிஸ் அர்லீதா. சொல்லு."

"மிஸ் அர்லீதா."

"ஆங். இப்ப இன்னொரு ரொட்டி கேளு, குடுப்பா."

அவன் அடிக்கடி வர ஆரம்பித்தான். இடிந்ததில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அர்லீதா ஒரு நாள் கேட்டதற்கு அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "எங்க ஊர்ல ஒரு ஓடு விழுந்தா மறுநாளே அதே மாதிரி ஓடு வந்துரும், மிஸ் அர்லீதா. எதுவும் பழசாகவே விட மாட்டாங்க. எங்க அப்பா செத்த அன்னிக்கும் தெரு அப்படியே பளபளன்னு இருந்துச்சு. எனக்கு அது பிடிக்கல."

வில்லி போன அன்றைக்குத் தெருவே தன்னோடு சேர்ந்து சாய்ந்து நின்றது அவளுக்கு நினைவு வந்தது. பையன் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. ரூஃபஸ்தான், "கவலைப்படாத பெல்ஜியம், உங்க ஊருக்கு இங்கேயிருந்து நல்ல ஓட்டையா ரெண்டு பார்சல் அனுப்புறோம்" என்றார்.

யோரிஸுக்கு ரோஸ்கோவைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எல்லோரும் போன பிறகும் போகாமல் இருக்கிற மனிதர். கேட்கிறபோதெல்லாம் அர்லீதா, தூங்குறார், அலபாமாவுக்குப் போயிருக்கார், பல்வலி என்று சமாளித்தாள். ரூஃபஸுக்குச் சமாளிப்பதோடு நிறுத்தத் தெரியவில்லை. ரோஸ்கோ சின்ன வயதில் டிரம்போன் வாசித்தவர் என்றார். மூன்று பெண்டாட்டி என்றார். அர்லீதா அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "அந்த ஆளுக்கு நீ பேரப்பிள்ளை வரைக்கும் பெத்துப் போட்டுடுவ போலிருக்கே" என்று அதட்டினாள்.

விதி யாரை விட்டது. அர்லீதா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், யோரிஸ் டிரம்போன்காரரைப் பின்வாசலில் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று போயிருக்கிறான். அவள் திரும்பியபோது அவன் அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபமில்லை. கோவிலுக்குப் போய்விட்டு வந்தவன்போல இருந்தான்.

"மிஸ் அர்லீதா, அங்க யாருமே இல்ல."

"பார்த்துட்டியா."

"நான் எடுத்ததுலேயே நல்ல படம் இதுதான்" என்று கேமராவை நீட்டினான்.

சின்னத் திரையில் அந்த வீடு தெரிந்தது. இல்லாத சுவர் வழியாக உள்ளே எடுத்திருந்தான். தொங்குகிற கூரை, வளைந்த தரை, காடிஸ் வீட்டுப் பெண்ணின் அறையில் உரிந்து சுருண்ட ரோஜாப்பூக் காகிதம். எல்லாவற்றையும் தாண்டி எதிர்க்கோடியில் முன் சன்னல். வெயில் பட்டு மஞ்சள் திரை விளக்குபோல எரிந்தது. பின்னாலிருந்து பார்ப்பதால் சேவல்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றன. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அர்லீதாவுக்குக் கோபமாக வந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து "குட்மார்னிங் மிஸ் அர்லீதா" என்று சொல்கிற சன்னல் அது.

"இதை யார்கிட்டயும் காட்டக் கூடாது கண்ணு."

"தெருப் பேர் போட மாட்டேன்."

"பேர் வேண்டியதில்ல. இந்த ஊர்க்காரன் எவனாவது அந்தத் திரையைப் பார்த்தாலே போதும். முன்னால ஆள், பின்னால ஓட்டைன்னு தெரிஞ்சா பிசாசு ராத்திரி வரைக்கும் அந்த வீடு நிக்காது. அதோட என் வீடும் போகும். நானும் போவேன், தூக்கத்துல இருந்தா."

அவன் கேமராவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அழிச்சிடறேன்" என்றான். சொல்லும்போது ஒரு பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவன்போலத்தான் சொன்னான்.

செப்டம்பர் கடைசியில் கடவுள் கண்ணைத் திறந்தார். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டின் முறை வந்துவிட்டது. ஒரு அதிகாரி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். யாரும் இல்லை என்று உறுதியானால் பிசாசு ராத்திரிக்கு முன்னாலேயே இயந்திரம் வரும். அர்லீதா அன்றைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பை என்கிற இனிப்பு அப்பம் சுட்டு தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். ரூஃபஸுக்கு இரண்டு துண்டு.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை அவள் தேவாலயத்துச் சமையலில் இருந்துவிட்டு வந்தபோது, ரூஃபஸ் தெரு முனையிலேயே காத்திருந்தார். நெஞ்சு முன்னால் வந்திருந்தது.

"இன்னிக்கு இன்னொருத்தன் வந்தான் அர்லீதா, கேமராவோட. ஒரு வழி பண்ணி அனுப்பிட்டேன்."

"என்ன பண்ணின?"

"யாரு இருக்காங்கன்னு கேட்டான். ரோஸ்கோன்னேன். பின்பக்கம் போய்ப் பாக்கலாமான்னான். நாய் அவுத்து விட்டிருக்கும், போன வாரம் ஒருத்தன் கால்சட்டை போச்சுன்னேன். வெளிய நின்னு ரெண்டு படம் எடுத்தான். பாவம், நல்ல பையன், நன்றி சார்னு சொல்லிட்டுப் போய்ட்டான்."

"வெள்ளைக்காரனா?"

"இல்ல, கறுப்புதான், நம்மாளு. இப்ப நம்மாளுங்களும் படம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க போல. கைல ஒரு அட்டை வைச்சு ஏதோ எழுதிக்கிட்டே இருந்தான். கார் சீட்டுல அந்த ஆரஞ்சு கலர் மேல்சட்டை ஒண்ணு, இந்த நகராட்சிக்காரங்க போடுவாங்களே, அது மாதிரி..."

ரூஃபஸின் வாய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நெஞ்சு மெதுவாகப் பழைய இடத்துக்குப் போனது.

அர்லீதா கத்தவில்லை. அவர் வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "ரூஃபஸ்" என்று மட்டும் சொன்னாள். டீக்கன் என்று சொல்லாமல் பெயரைச் சொன்னதுதான் அவருக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அந்த வீட்ல குடி இருக்குன்னு பதிஞ்சிருக்காங்க மேடம். மிஸ்டர் ரோஸ்கோ. ராத்திரி வேலை. நாய் உண்டு."

"அது நாங்க சொன்னதும்மா."

"அப்ப இருக்காருன்னுதானே அர்த்தம்."

"அந்த மாதிரி ஆளே கிடையாது."

"எங்க போயிருக்காரு?"

"எங்கயும் போகல, பொறக்கவே இல்ல."

கவுண்டர் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. "பாருங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்காதவங்க எல்லாரும் இங்க வந்து அங்க ஆளே இல்லன்னு சொல்றாங்க. ஆள் இருக்கிற வீட்டை இடிச்சிட்டா யாரு பதில் சொல்றது? அவரே வந்து நான் காலி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லன்னா வசந்தத்துல மறுபடி ஆள் அனுப்புவோம்."

"வசந்தம் வரைக்கும் அது நிக்காதும்மா. பிசாசு ராத்திரி வருது."

ரூஃபஸ் தன் போனில் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கறுப்பாக ஒரு பள்ளமும் அவர் கட்டைவிரலும் தெரிந்தன. அந்தப் பெண் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது எந்த வீடுன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? இந்த ஊர்ல இடிஞ்ச வீட்டுப் போட்டோவுக்கா பஞ்சம்?"

வெளியே வந்ததும் ரூஃபஸ், "நானே ரோஸ்கோன்னு போய் நிக்கட்டுமா? அன்னிக்கு வந்த பையனும் இந்தப் பொண்ணும் இல்லாத நேரமாப் பாத்துப் போயிடலாம்" என்றார்.

"வேணாம். பொறக்காதவனைப் பொறக்க வைச்சா, அப்புறம் அவனுக்கு வரி போடுவாங்க, தண்ணி பில் போடுவாங்க. அவனை யாரு சாகடிக்கிறது?"

ரூஃபஸ் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். சிக்னலில் நின்றபோது அர்லீதாவுக்கு அந்தச் சேவல்கள் நினைவுக்கு வந்தன, திரும்பி நின்ற சேவல்கள். அதிகாரி முன்னாலிருந்து எடுத்த படத்திலும் அதே திரைதான் இருக்கும். யோரிஸின் படம் இருந்தால் அது எந்த வீடு என்று யாரும் கேட்க முடியாது. அந்தப் படத்தைத்தான் அவளே அழிக்கச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவனுக்குப் போன் செய்தாள். நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தில் அவன் படக்கண்காட்சிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் படத்தை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் மிஸ் அர்லீதா. சொன்னேன்ல."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "நெசமாவா?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"யார்கிட்டயும் காட்டல. சத்தியமா. ஆனா அழிக்க மனசு வரல. எனக்கு மட்டும்னு பெருசா ஒண்ணு பிரிண்ட் போட்டு, சுவர் பக்கம் திருப்பி வைச்சிருக்கேன். தப்புதான். இன்னிக்கே கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சேன்னா உன் கையை உடைச்சிடுவேன்" என்றாள் அர்லீதா. "பொய் சொன்னதுக்கு ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும் கண்ணு. அதை அப்படியே எடுத்துக்கிட்டு வா."

அவன் 'பெருசா' என்று சொன்னது கதவு அளவு. ரூஃபஸின் வண்டியில் பின்னால் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, கயிறு கட்டி, பிணம் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனார்கள். அலுவலகத்தின் சுழல் கதவில் அது நுழையவில்லை. காவலாளி பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "யாரு இது, போர்வைக்குள்ள?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும்" என்றார் ரூஃபஸ்.

கவுண்டருக்கு எதிரே அதை நிறுத்திப் போர்வையை எடுத்தபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கவுண்டர் பெண் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கே."

"அழகுக்காகக் கொண்டு வரலம்மா. சன்னலைப் பாரு. அந்தத் திரையைப் பாரு. உங்க பையன் எடுத்த படத்தைப் பக்கத்துல வைச்சுப் பாரு."

அவள் கம்ப்யூட்டருக்குப் போனாள். அதிகாரி எடுத்த படத்தில் மஞ்சள் திரையில் சேவல்கள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய படத்தில் வலப்பக்கம். ஒரு சேவலுக்கு வால் இல்லை. அர்லீதா இஸ்திரி போடும்போது தீய்ந்து போனது. அந்த வாலில்லாத சேவல் இரண்டிலும் இருந்தது. கவுண்டர் பெண் விரலால் எண்ணிப் பார்த்தாள். பிறகு அந்தத் திரைக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே வீடு என்று ஒன்றும் இல்லாததைப் பார்த்தாள்.

"இது உங்க வீட்டுச் சுவரா, ஓரத்துல தெரியுதே, பெயின்ட் உரிஞ்சு?"

"என் சமையலறை" என்றாள் அர்லீதா.

அந்தப் பெண் உள்ளே போய்த் தன் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். தரையைத் தாங்குகிற உத்தரம் முறிந்திருந்த இடத்தைக் காட்டி, "இது ஒரு பக்கமா சாயும்போது உங்க பக்கம்தான் சாயும்" என்றார். நெருப்பைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்த அர்லீதாவுக்கு அது புதுச் செய்தி.

"அப்ப மிஸ்டர் ரோஸ்கோ?" என்று கேட்டாள் கவுண்டர் பெண்.

"காலி பண்ணிட்டார்" என்றார் ரூஃபஸ். அர்லீதா அவர் காலை மிதித்தாள்.

பிசாசு ராத்திரிக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது இயந்திரம் வந்தது. ஓட்டியவர் ஒரு தடித்த மனிதர். அர்லீதாவின் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அதை ஒட்டிய பக்கத்தை முதலில் பிரித்து உள்பக்கமாக இழுத்தார், மிச்ச வீடும் அப்படியே விலகி விழட்டும் என்று. ஒருவர் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார், தூசி எழாமல். இவ்வளவு வருஷம் அவள் கண்ணில் பெரிய பூதமாக நின்றது, காலைக் காபி ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ரூஃபஸ் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்ல மனுஷன்" என்றார். "ஒரு நாளும் ரேடியோவைச் சத்தமா வைச்சதில்ல."

யோரிஸும் வந்திருந்தான். அர்லீதாவிடம் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுத்தான். லாரி மரத்தையும் செங்கலையும் அள்ளிக்கொண்டு போன பிறகும் பள்ளத்தின் ஓரத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"நல்லா வரல மிஸ் அர்லீதா. வெறும் மண்ணுதான் இருக்கு."

"அதுதான் எனக்கு வேணும்" என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

முந்தைய வருஷங்களில் பிசாசு ராத்திரி என்றால் அவள் செருப்பைக் கழற்ற மாட்டாள். தோட்டத்துக் குழாயைச் சன்னல்வரை இழுத்து வைத்து, சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விடியும்வரை புகை வாடைக்கு மூக்கைத் தீட்டிக்கொண்டிருப்பாள். இந்த வருஷமும் வராந்தா விளக்கைப் போட்டுவிட்டு, முதுகை ஒரு நிமிஷம் சாய்க்கலாம் என்று கட்டிலில் படுத்தாள்.

கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எழுந்து போய்த் திறந்தாள். ரூஃபஸ் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வெயில் தெருவெல்லாம் பரவியிருந்தது.

"உசிரோட இருக்கியா? எவ்வளவு நேரமாத் தட்டறது?"

"மணி என்ன?"

"பத்தாகப் போகுது. ராத்திரி பூரா ஆம்பளைங்க எல்லாரும் ரோந்து போனோம். ஒண்ணும் நடக்கல. உன் வீட்டு வழியா ஒன்பது தடவை போயிருப்பேன். வந்து பேசுவேன்னு பார்த்தேன், ஆளே காணும்."

அர்லீதா கன்னத்தைத் தடவினாள். தலையணை மடிப்பு அதில் பதிந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"தூங்கிட்டேன்" என்றாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

"நல்லா தூங்கின போ. காபி போட்டிருக்கேன், வர்றியா?"

"இல்ல ரூஃபஸ். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டு, டீக்கனின் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினாள்.